மூளைக்குள் தேங்கும் கொலஸ்ட்ரால்

மாடிப்படி இறங்கும் குழந்தை, ஒவ்வொரு படிக்கும் தலையையே குனிகிறது. கண்ணை மட்டும் தாழ்த்த முடிவதில்லை. பிறகு கையெழுத்து கோணுகிறது, நடை தள்ளாடுகிறது. வாய்விட்டுச் சிரித்தால் உடல் துவண்டு கீழே விழுகிறது. 'விளையாட்டுப் புத்தி' என்று பள்ளியில் சொல்லிவிடுகிறார்கள். இத்தனையும் ஒன்றுசேர்ந்தால், அது நீமன்-பிக் சி என்னும் பரம்பரை நோயாக இருக்கலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. கொலஸ்ட்ராலுக்கும் மூளைச் சிதைவுக்கும் உள்ள உறவை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் நோய் வேறில்லை.

நமக்குக் கொலஸ்ட்ரால் என்றாலே மாரடைப்புதான். ஆனால் உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையில்தான் உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கிறது. பெரும்பகுதி நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையில். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ரால் துகள்கள் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட முடியாது. அதனால் மூளை தனக்கானதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வளர்ந்த மூளையில் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதைச் செய்து, அபோ-ஈ என்ற புரதத்தில் ஏற்றி நியூரான்களுக்கு அனுப்புகின்றன.

அப்படி வந்த சரக்கு முதலில் இறங்குமிடம், செல்லின் செரிமான அறையான லைசோசோம். அங்கிருந்து என்பிசி2 புரதம் எடுத்துக் கொடுக்க, என்பிசி1 புரதம் வாங்கி வெளியே அனுப்ப வேண்டும். 95 சதவீத நோயாளிகளிடம் பழுதானது என்பிசி1. அதன் மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. அறை நிரம்பி வழிகிறது, செல்லின் மற்ற பகுதிகளோ பட்டினி கிடக்கின்றன. போதவில்லை என்று எண்ணி செல் இன்னும் தயாரிக்கிறது! சிறுமூளையின் புர்கின்ஜி செல்கள் இதைத் தாங்காமல் மடிவதால்தான் அந்தத் தள்ளாட்டம். இக்குழந்தைகள் பலரின் மூளையில், முதியவர்களின் அல்சைமரில் காணும் அதே டௌ புரதச் சிக்கல்கள் இருப்பது என்னைப் பதறவைக்கிறது.

அல்சைமரிலும் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் வண்டியே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. அபோ-ஈ4 வகை மரபணுவுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1993இல் வெளிவந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதன் ஒரு பிரதி, ஆபத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது. ஹன்டிங்டன் நோயில் நிலைமை வேறு. மூளையில் கொலஸ்ட்ரால் உற்பத்தியே குறைகிறது. ஆக, அளவு மட்டுமல்ல, அது போய்ச் சேரும் இடமும் முக்கியம்.

இதைப் படித்துவிட்டு யாரும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நடுவயதில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுவதை, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளில் ஒன்றாக 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சேர்த்திருக்கிறது.

நீமன்-பிக் சி நோய்க்கு மிக்லுஸ்டாட் மருந்தை ஐரோப்பா 2009இல் ஏற்றது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா இரண்டு மருந்துகளுக்கு அனுமதி தந்தது. எதுவும் நோயை அடியோடு நீக்காது. செத்த நியூரானும் மீளாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். எனவே சொந்தத்தில் மணம் முடித்த பெற்றோர் கூடுதல் கவனமாக இருக்கட்டும். குழந்தையின் கண் மேலும் கீழும் தடையின்றி அசையவில்லை என்றால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.