இறால் தொட்டியில் நத்தைகள்

வீட்டுக் கூடத்தில் வைக்கப்படும் சிறு கண்ணாடித் தொட்டியும் ஓர் உயிருலகமே. 20 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியில் செர்ரி இறால்களை வளர்க்கலாம். செந்நிறம் கொண்ட இந்த நன்னீர் இறால்கள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே வளர்பவை. பாசியையும் மட்கிய இலைகளையும் உண்டு வாழ்பவை.

இத்தகைய தொட்டியில், யாரும் விடாத நத்தைகள் திடீரெனத் தோன்றுவதுண்டு. கடையில் வாங்கிய நீர்ச்செடியின் இலையடியில், பசை போன்ற தெளிந்த திரளாக அவற்றின் முட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தொட்டிகளில் பெருகும் நத்தைகளுள் பல, ஆண்மையும் பெண்மையும் ஓருடலில் அமைந்தவை. ஆதலால் ஒவ்வொரு நத்தையும் முட்டையிடும். சில இனங்களில் தனித்து வந்த ஒரே நத்தையும் இனம் பெருக்கும்.

நத்தைகள் தீயவை அல்ல. கண்ணாடியில் படியும் பாசியையும் அழுகிய இலையையும் எஞ்சிய தீவனத்தையும் உண்டு, அவை தொட்டியைத் தூய்மை செய்கின்றன. நலமுள்ள இறாலை அவை தாக்குவதில்லை. எண்ணிக்கை மிகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இறாலின் உணவில் அவை பங்கு கொள்ளும். நீரில் கழிவும் மிகும்.

மருந்திட்டு நத்தைகளைக் கொல்லலாம் எனச் சிலர் கருதுவர். அது பெரும் தவறு. நத்தைக்கொல்லி மருந்துகள் பலவற்றில் செப்பு உண்டு. இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும் செப்பு அடங்கிய புரதமே. எனினும் நீரில் கரைந்த செப்பு சிறிது மிகுந்தாலும் இறால் இறந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ! மேலும், பல நத்தைகள் ஒருங்கே இறந்து அழுகினால் நீரில் அம்மோனியா பெருகும்; அதுவும் இறாலைக் கொல்லும். நத்தையுண்ணும் மீனை விட்டால், அது இறால் குஞ்சுகளையும் விழுங்கும்.

நத்தைப் பெருக்கம் நோயன்று. உணவு மிகுந்திருப்பதன் அறிகுறி. ஆகவே, ஓரிரு மணி நேரத்தில் இறால்கள் உண்டு முடிக்கும் அளவே தீவனம் இட வேண்டும். எஞ்சியதை அகற்ற வேண்டும். கொதிநீரில் வாட்டி ஆறவைத்த வெள்ளரித் துண்டை இரவில் தொட்டியின் அடியில் இட்டால், நத்தைகள் அதை மொய்க்கும். காலையில் துண்டோடு அவற்றை எடுத்துவிடலாம். கண்ணாடியில் காணும் முட்டைத் திரளை வழித்தெடுக்கலாம். புதிய செடிகளைச் சில வாரம் தனிக்கலத்தில் வைத்துப் பார்த்த பின்னரே தொட்டியில் நட வேண்டும். உணவு குறைய, நத்தைகளின் எண்ணிக்கையும் மெல்லக் குறையும்.

எடுத்த நத்தைகளைக் குளத்திலோ கால்வாயிலோ விடலாகாது. 1847ஆம் ஆண்டு மொரீசியசிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. நிலத்தில் வாழும் அந்நத்தைகள், இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் பயிர்களை அழித்து வருகின்றன. தொட்டி நத்தைகளைத் தனிக்கலத்தில் வளர்க்கலாம். நத்தையுண்ணும் மீன்களை வளர்ப்போர்க்கும் கொடுக்கலாம்.

சொற்பொருள்
திரள் – கூட்டம், குவியல்
செப்பு – தாமிரம்
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்

வினாக்கள்
1. நத்தைகள் தொட்டிக்குள் எவ்வாறு வருகின்றன?
2. இறால் தொட்டியில் நத்தைக்கொல்லி மருந்தை ஏன் இடலாகாது?
3. ‘நத்தைப் பெருக்கம் நோயன்று, அறிகுறி’ – விளக்குக.