டாங்கிச் சங்கிலிக்கு ஒரு கண்ணி

கோவைப் பவுண்டரிகளில் பம்புப் பாகங்கள் வார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? 1965 போரில் நம் படையிலிருந்த செஞ்சூரியன் டாங்கியைப் புதுப்பிக்கும் ஒருவருக்குச் சங்கிலிக் கண்ணி தேவை என்று வையுங்கள். பழைய கண்ணியையே மணலில் பதித்து வார்க்கலாமே என்பீர்கள். கூடாது! தேய்ந்த கண்ணியின் ஊசித்துளை அகன்றிருக்கும். அளவு பொய் சொல்லும். மேலும், அது 1882-இல் ஹாட்ஃபீல்டு கண்டறிந்த மாங்கனீசு எஃகு. பம்பின் வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். இதுவோ இரண்டு பங்குக்கு மேல். கண்ணி குட்டையானால் பல்சக்கரம் பொருந்தாது. ஓடும்போதே சங்கிலி கழன்றுவிடும். ஆகவே பேட்டர்ன் செய்பவர் சுருக்கத்தைக் கூட்டியே மரம் செதுக்க வேண்டும். துளையும் வார்ப்பிலேயே விழவேண்டும். இவ்வெஃகு அடிபட அடிபட இறுகுவதால் டிரில் மழுங்கிவிடும். இறுதியில் 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். கத்தி எஃகானால் இப்படி முக்கியதும் நொறுங்கும் தன்மை பெறும். இதுவோ முறியாமல் வளையும்.