எங்கே முடிகிறது மாநகரம்?

தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர், "மலேசியாவில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், ரவாங்கில் இருப்பவரும் "கே.எல்." என்கிறார், காஜாங்கில் இருப்பவரும் "கே.எல்." என்கிறார். கிள்ளானில் வீடும் பெட்டாலிங் ஜெயாவில் வேலையுமாக இருப்பவரின் பதிலும் அதுவே. கேட்பவருக்குச் சட்டென்று புரியவேண்டும் என்பதற்காகச் சொல்வதுதான். ஆனால் வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி பில்லை எடுத்துப் பார்த்தால், அதில் கோலாலம்பூர் மாநகராட்சியின் பெயர் இருக்காது. செலாயாங், காஜாங், கிள்ளான் என்று ஊருக்கு ஒரு மன்றத்தின் பெயர்தான் இருக்கும்.

வாய் சொல்லும் ஊர் ஒன்று. வரி பில் சொல்லும் ஊர் வேறு. இதில் எது சரி? சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் உலகின் மிகப் பெரிய மாநகரம் எது என்ற போட்டியின் முடிவையே அண்மையில் மாற்றி எழுதியது.

முதலிடம் கைமாறிய கதை

பொது அறிவுப் போட்டிகளில் இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாக ஒரே பதில்தான்: தோக்கியோ. ஐக்கிய நாடுகள் சபை 2018ல் வெளியிட்ட பட்டியலில் 3 கோடியே 70 லட்சம் பேருடன் தோக்கியோ முதலிடத்தில் இருந்தது. 2 கோடியே 90 லட்சம் பேருடன் டில்லி இரண்டாவது. 2 கோடியே 60 லட்சம் பேருடன் ஷங்ஹாய் மூன்றாவது. ஜகார்த்தாவுக்கு அந்தப் பட்டியலில் கிடைத்தது ஒரு கோடிக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை. முதல் இருபது இடங்களில்கூட அதன் பெயர் இல்லை.

2025 நவம்பரில் ஐநா புதிய பட்டியலை வெளியிட்டது. ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் பேருடன் ஜகார்த்தா முதலிடத்துக்கு வந்தது. ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம் பேருடன் பங்களாதேஷின் டாக்கா இரண்டாவது. சுமார் 3 கோடியே 30 லட்சம் பேருடன் தோக்கியோ மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. முதல் பத்து மாநகரங்களில் எகிப்தின் கெய்ரோ ஒன்று மட்டுமே ஆசியாவுக்கு வெளியே உள்ளது. ஒரு கோடிக்கு மேல், அதாவது பத்து மில்லியனுக்கு மேல், மக்கள் வாழும் பெருமாநகரங்கள் 1975ல் 8 மட்டுமே இருந்தன. 2025ல் அவை 33. அவற்றுள் 19 ஆசியாவில் உள்ளன.

அப்படியானால் ஏழே ஆண்டுகளில் 3 கோடிப் பேர் ஜகார்த்தாவுக்குக் குடிபெயர்ந்து விட்டார்களா? தோக்கியோவிலிருந்து 40 லட்சம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டு விட்டார்களா? இரண்டும் நடக்கவில்லை. மக்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி வரையப்பட்ட கோடுதான் இடம் மாறியிருக்கிறது.

கோடு மாறினால் கணக்கு மாறும்

தோக்கியோவையே எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பழைய நகரமான 23 வட்டாரங்களில் வாழ்வோர் சுமார் 97 லட்சம் பேர். தோக்கியோ மாநிலம் முழுவதையும் சேர்த்தால் ஒரு கோடியே 40 லட்சம். பக்கத்தில் உள்ள கனகாவா, சைத்தாமா, சீபா ஆகிய மூன்று மாநிலங்களையும் சேர்த்தால் 3 கோடியே 69 லட்சம். மூன்றுமே சரியான கணக்கு. மூன்றுக்கும் பெயர் தோக்கியோதான்.

சீனாவின் சோங்சிங் இதற்கு நேர்மாறு. நிர்வாகக் கணக்கில் அது ஒரே மாநகரம். 2020ல் அதன் மக்கள்தொகை 3 கோடியே 20 லட்சம். ஆனால் அதன் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். தீபகற்ப மலேசியாவின் பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட இடத்துக்கு "மாநகரம்" என்று பெயர் வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. அதற்குள் மலைகளும் வயல்களும் கிராமங்களும் ஏராளம். உலகின் மிகப் பெரிய மாநகரம் சோங்சிங் என்று சிலர் எழுதுவது இதனால்தான். அங்குள்ள விவசாயி நாற்று நடும் வயலும் அந்த மாநகரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

நமக்கு நன்கு அறிமுகமான சென்னையிலும் இது நடந்தது. 2011ல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. பழைய எல்லைக்குள் சுமார் 46 லட்சம் பேர். புதிய எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். ஒரு குழந்தைகூடப் புதிதாகப் பிறக்காமல், ஓர் அரசாங்க உத்தரவில் 20 லட்சம் பேர் சென்னைவாசிகள் ஆனார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐநா தன் அளவுகோலை மாற்றியது. முன்பு ஒவ்வொரு நாடும் எதை நகரம் என்று சொன்னதோ, அதையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. புதிய முறையில் பூமியின் நிலப்பரப்பு முழுவதும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் குறைந்தது 1,500 பேர் வாழவேண்டும். அத்தகைய கட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க, மொத்தம் 50,000 பேராவது இருந்தால் அது நகரம். வீடுகள் நெருக்கமாகத் தொடரும் வரை நகரமும் தொடரும். நடுவில் மாநில எல்லை வந்தாலும் கணக்கு நிற்காது.

ஜகார்த்தா மேலே வந்தது இப்படித்தான். தலைநகரின் எல்லைக்குள் மட்டும் பார்த்தால் ஒரு கோடிப் பேர். அதைச் சுற்றி போகோர், டெப்போக், தாங்கெராங், பெக்காசி. இந்த ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து "ஜாபோடெத்தாபெக்" என்று இந்தோனேசியர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மட்டும் 3 கோடிக்கு மேற்பட்டோர். அதையும் தாண்டி வீடுகள் தொடர்ந்ததால் கணக்கு 4 கோடியைக் கடந்தது.

ஆற்றுக்கு எல்லை தெரியாது

இதெல்லாம் காகிதக் கணக்குதானே, யார் முதலிடம் என்றால் நமக்கென்ன என்று தோன்றலாம். கோட்டுக்கு வெளியே நிற்பவரைக் கேட்டால்தான் அதன் அருமை புரியும்.

ஜாபோடெத்தாபெக் ஒரே ஊர் போலத் தெரிந்தாலும் ஜகார்த்தா, மேற்கு ஜாவா, பந்தேன் ஆகிய மூன்று மாநில நிர்வாகங்களின் கீழ் பிரிந்து கிடக்கிறது. சிலிவுங் ஆறு போகோர் மலைப்பகுதியில் பிறந்து ஜகார்த்தாவுக்குள் ஓடுகிறது. மேட்டு நிலத்தில் மரங்கள் அழிந்து வீடுகள் பெருகினால், பெய்த மழை மண்ணுக்குள் இறங்காமல் கீழே பாய்கிறது. அதை "அனுப்பி வைக்கப்பட்ட வெள்ளம்" என்ற பொருளில் "பஞ்சிர் கிரிமான்" என்று ஜகார்த்தாவாசிகள் அழைக்கிறார்கள். வெள்ளம் வந்து நிற்பது ஒரு நிர்வாகத்தின் கீழ். அதைத் தடுக்கும் அதிகாரம் இருப்பது இன்னொரு நிர்வாகத்திடம்.

ஜகார்த்தாவின் இன்னொரு தலைவலி, நிலம் தாழ்ந்துபோவது. குழாய் நீர் எல்லா வீடுகளுக்கும் எட்டாததால் மக்களும் தொழிற்சாலைகளும் கட்டடங்களும் நிலத்தடி நீரை உறிஞ்சி வந்தார்கள். அடியில் வெற்றிடம் உண்டாக, மேலே உள்ள நிலம் அமுங்கியது. வடக்கு ஜகார்த்தாவின் சில பகுதிகள் இப்போது கடல் மட்டத்துக்கும் கீழே உள்ளன. தலைநகரைக் கலிமந்தானுக்கு மாற்றப் போவதாக 2019ல் இந்தோனேசியா அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தோக்கியோவும் ஒரு காலத்தில் தாழ்ந்துகொண்டிருந்த நகரம்தான் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே கோத்தோ வட்டாரத்தின் சில இடங்கள் கடந்த நூற்றாண்டில் 4 மீட்டருக்கும் மேல் இறங்கின. 1956லும் 1962லும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. மாற்றாக ஆற்று நீர் குழாயில் வந்தது. 1970களில் நிலம் இறங்குவது ஏறக்குறைய நின்றது. நீரை எடுக்காதே என்று சொன்னதோடு, வேறு நீரையும் கொண்டுவந்து கொடுத்ததால்தான் அது சாத்தியமானது.

போக்குவரத்திலும் இதே பாடம்தான். தோக்கியோவில் முதல் சுரங்க ரயில் 1927லேயே ஓடியது. தனியார் ரயில் நிறுவனங்கள் முதலில் தண்டவாளம் போட்டு, பிறகு அதன் ஓரங்களில் குடியிருப்புகளைக் கட்டி விற்றன. ரயில் முன்னே போக, மக்கள் பின்னே போனார்கள். ஜகார்த்தாவின் எம்.ஆர்.டி. 2019 மார்ச்சிலும், டாக்காவின் மெட்ரோ 2022 டிசம்பரிலும்தான் ஓடத் தொடங்கின. அங்கே மக்கள் முன்னே வந்துவிட்டார்கள். ரயில் பின்னே வருகிறது.

சாவாரில் இடிந்த கட்டடம்

2050ஆம் ஆண்டுக்குள் டாக்கா உலகின் முதல் மாநகரமாகிவிடும் என்பது ஐநாவின் கணிப்பு. நம் நாட்டுக் கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பங்களாதேஷ் இளைஞர்களில் பலருக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும்.

டாக்காவின் மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் சாவார் என்ற ஊர் இருக்கிறது. டாக்கா மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ளது. ஆனால் டாக்காவை நம்பி, டாக்காவுக்காகவே வளர்ந்த ஊர். 2013 ஏப்ரல் 24ஆம் தேதி அங்கே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லப்பட்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு அனுமதி தந்தது சாவார் நகராட்சி. பெருநகர வட்டாரத்தின் கட்டடங்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் பெற்ற தலைநகர் மேம்பாட்டு ஆணையமான ராஜுக் அதைத் தரவில்லை. மேல் மாடிகள் முறையான அனுமதியின்றியே எழும்பின. மாநகரம் எங்கே முடிகிறது, கட்டடத்தைச் சோதிக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் நடைமுறையில் இல்லாமல் போனதன் விலை அது. அதன் பிறகு வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின்கீழ் 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் சோதனைக்கு உட்பட்டன. அந்தச் சோதனை எந்த நகராட்சி எல்லையிலும் நின்றுவிடவில்லை. தையல்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அதுவரை போனது.

வளைவுக்கு அந்தப் பக்கம்

இப்போது நம் வாசலுக்கு வருவோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும்போது, சாலைக்குக் குறுக்கே கோத்தா டாருல் ஏசான் வளைவு நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் கூட்டரசுப் பிரதேசம்; அந்தப் பக்கம் சிலாங்கூர். 1974ல் பிரிக்கப்பட்ட எல்லை அது. 243 சதுர கிலோமீட்டர் கொண்ட கோலாலம்பூரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 20 லட்சம் பேர். சிலாங்கூரையும் புத்ராஜெயாவையும் சேர்த்தால் சுமார் 90 லட்சம். 2050ஆம் ஆண்டுக்குள் ஒரு கோடியைத் தாண்டும் மாநகரங்களின் வரிசையில் ஐநா கோலாலம்பூரின் பெயரையும் சேர்த்திருக்கிறது.

வளைவைத் தாண்டினால் வரி வாங்கும் மன்றம் மாறுகிறது. சாலையில் நெரிசல் மாறுவதில்லை. கிள்ளான் ஆறும் கோலாலம்பூரின் நடுவே ஓடி, ஷா ஆலம் வழியாகக் கிள்ளானுக்குப் போகிறது. 2021 டிசம்பரில் மழை கொட்டியபோது ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரையில் ஏறி மக்கள் படகுக்காகக் காத்திருந்தார்கள். ஆற்றின் மேல்பகுதியில் எவ்வளவு நிலம் சிமெண்டால் மூடப்படுகிறது என்பது கீழே உள்ளவரின் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் புகும் என்பதையும் பாதிக்கிறது. இரண்டையும் தீர்மானிப்பது வெவ்வேறு மன்றங்கள்.

ஒரே அதிகாரத்தின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்லவும் முடியாது. சோங்சிங் போன்ற பரந்த நிர்வாகம் நம் நாட்டு அமைப்புக்குப் பொருந்தாது. மாநிலங்களின் உரிமை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் சில காரியங்களுக்காவது பொது ஏற்பாடு வேண்டும் என்பதை லண்டன் அனுபவம் காட்டுகிறது. அங்கே மாநகரம் முழுவதற்குமான மன்றம் 1986ல் கலைக்கப்பட்டது. வட்டார மன்றங்கள் மட்டும் இயங்கின. 14 ஆண்டுகளுக்குப் பிறகு 2000ல், போக்குவரத்துக்கும் திட்டமிடலுக்கும் பொறுப்பான மாநகர நிர்வாகத்தை மறுபடியும் அமைத்தார்கள்.

ஆகவே மாநகரங்களை ஒப்பிடும்போது, எத்தனை கோடி என்று மட்டும் கேட்பது போதாது. கடைசி வீட்டுக்கும் குழாயில் நீர் வருகிறதா, வேலைக்குப் போக ரயில் இருக்கிறதா, வெள்ளம் வந்தால் பொறுப்பு யாருடையது என்றும் கேட்கவேண்டும். அந்தக் கேள்விகளில்தான் ஜகார்த்தாவும் தோக்கியோவும் டாக்காவும் வேறுபடுகின்றன.

2020 செப்டம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளில் குழாய் வறண்டது. பெட்டாலிங் ஜெயாவில் நின்றவரும், கோலாலம்பூரின் நடுவில் நின்றவரும் ஒரே மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். ரவாங்கில் இருப்பவர் "கே.எல்." என்று சொல்வதில் தவறே இல்லை என்பதை அன்று எல்லாருடைய குழாயும் ஒப்புக்கொண்டது. திட்டம் தீட்டுபவர்களும் அதை ஒப்புக்கொண்டால், ஒரு கோடி என்ற கணக்கு நம்மைத் தேடி வரும்போது நாம் தயாராக இருக்கலாம்.