எது கடினமான கணிதத் தாள்?

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்கு மேல் ஏ லெவல் படிப்பவர்களில் கணிதத்தில் நாட்டம் உள்ளவர்கள் இரண்டு கணிதப் பாடங்களை எடுக்கிறார்கள். முதலாவது ‘மேத்ஸ்’. 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் இதற்குள் விருப்பத் தேர்வு கிடையாது. தூய கணிதம், புள்ளியியல், மெக்கானிக்ஸ் மூன்றையும் எல்லாரும் படித்தாக வேண்டும். இரண்டாவது ‘ஃபர்தர் மேத்ஸ்’. இதில்தான் தேர்வு செய்ய இடம் இருக்கிறது. எடெக்ஸெல் என்ற தேர்வு வாரியத்தில் 75 மதிப்பெண் வீதம் நான்கு தாள்கள். இரண்டு கட்டாயம், மற்ற இரண்டைத் தூய கணிதம், புள்ளியியல், மெக்கானிக்ஸ், டெசிஷன் மேத்ஸ் ஆகிய நான்கு துறைகளிலிருந்து எடுக்கலாம். அனுமதிக்கப்பட்ட சேர்க்கைகள் பத்து. தேர்வு செய்யும் நேரம் வந்ததும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, இவற்றில் எது எளிது என்பதுதான். கேட்பது இயல்பு. ஆனால் அந்தக் கேள்விக்குத் தாளைப் பார்த்து மட்டும் விடை சொல்ல முடியாது. ஒரு தாளின் கடினம் மாணவரின் முன்தயாரிப்பையும், படிக்கக் கிடைக்கும் காலத்தையும், கற்பிப்பவரையும் சேர்த்தே உருவாகிறது. ஆகவே எளிதைத் தேடுவதைவிட, எந்தத் திறன் முதிர அதிகக் காலம் பிடிக்கும் என்று தேடுவதே மாணவருக்கு நன்மை தரும்.

இதற்கான முதல் சான்று அந்நாட்டுக் கல்வி வரலாற்றிலேயே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஏ லெவல் முழுவதும் சிறு சிறு தாள்களாகப் பிரிக்கப்பட்டு, முதல் ஆண்டின் முடிவிலேயே ஒரு பொதுத்தேர்வு வைக்கப்பட்டது. 2001-இல் அந்த முதலாண்டுக் கணிதத் தேர்வை எழுதியவர்களில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேர் தேறவில்லை. அடுத்த ஆண்டு ஏ லெவல் கணிதத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. பாடப்பொருள் ஒரே ஆண்டில் அவ்வளவு கடினமாகிவிடவில்லை. அதைக் கற்றுச் செரிக்கக் கிடைத்த மாதங்கள்தான் போதவில்லை. புள்ளியியலாளர் ஏட்ரியன் ஸ்மித் தலைமையில் கணிதக் கல்வி பற்றி நடந்த விசாரணை 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அதே ஆண்டில் மூன்று தூய கணிதத் தாள்களின் பாடம் நான்கு தாள்களுக்குப் பரப்பப்பட்டது. அதன் பிறகு மாணவர்கள் மெல்லத் திரும்பினார்கள். 2024-இல் பிரிட்டன் முழுவதும் ஏ லெவல் கணிதம் எழுதியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். ஒரே பாடம் ஓராண்டில் அவசரமாகப் படித்தவருக்கு மலையாகவும், அவகாசத்தோடு படித்தவருக்கு ஏறக்கூடிய படியாகவும் இருந்தது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

அப்படியென்றால் ஒரு தாளின் கடினத்தை அளக்கவே முடியாதா? கிரேடு எல்லைகள் இருக்கின்றனவே என்று பலர் சொல்வார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் முடிவுகளோடு வெளியாகும் அந்தப் பட்டியலில், ஏ கிரேடுக்கு எத்தனை மதிப்பெண் தேவைப்பட்டது என்பது தெரியும். எல்லை தாழ்ந்திருந்தால் தாள் கடினம், உயர்ந்திருந்தால் எளிது என்று கணக்குப் போடுவது வழக்கம். ஆனால் அந்த எல்லை எப்படி உருவாகிறது என்று பார்த்தால், எளிய தாளைத் தேடுவதால் கிடைக்கும் லாபம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். எல்லை தேர்வுக்கு முன்பே எழுதி வைக்கப்படுவதில்லை. விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பின்தான் வகுக்கப்படுகிறது. எழுதியவர்கள் ஏ லெவலுக்கு முன் எழுதிய ஜிசிஎஸ்இ தேர்வில் எப்படிச் செய்திருந்தார்கள் என்பதும் அப்போது கணக்கில் வருகிறது. தாள் கடினமாக அமைந்தால் எல்லை இறங்கும்; எளிதாக அமைந்தால் ஏறும். எடெக்ஸெலின் ஃபர்தர் மேத்ஸில் எந்த இரண்டு விருப்பத் தாள்களை எழுதினார் என்பதைப் பொறுத்து, மொத்தம் 300-க்கான எல்லையே மாறுகிறது. எளிய தாளில் 60 எடுத்தவரும் கடினமான தாளில் 50 எடுத்தவரும் ஒரே கிரேடில் வந்து நிற்க முடியும். எல்லை உயர்ந்த தாளில் இன்னோர் ஆபத்தும் உண்டு: கவனப்பிழையால் இழக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அங்கே அதிகம் வலிக்கும்.

எத்தனை சதவீதம் பேர் ஏ வாங்கினார்கள் என்ற கணக்கு இதைவிடவும் ஏமாற்றும். ஃபர்தர் மேத்ஸ் எழுதுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏ அல்லது அதற்கு மேல் வாங்குகிறார்கள். சாதாரண மேத்ஸில் அந்த விகிதம் அதைவிடக் குறைவு. அதனால் ஃபர்தர் மேத்ஸ் எளிது என்று யாரும் சொல்வதில்லை. கணிதத்தில் ஏற்கெனவே வலுவானவர்களே அதற்கு வருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே நிதானம் விருப்பத் தாள்கள் என்று வரும்போது காணாமல் போகிறது. குலங்களும் எண் கோட்பாடும் கொண்ட இரண்டாம் தூய கணிதத் தாளை எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கணிதத்தை விரும்பியே எடுப்பவர்கள். அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டி, அந்தத் தாள் எல்லாருக்கும் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. தாளைப் பற்றிய எண்ணில் எப்போதும் அதை எழுதியவர்களைப் பற்றிய செய்தியும் கலந்தே இருக்கிறது.

எண்களை விட்டுக் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். மெக்கானிக்ஸ் தாளில் வழக்கமாக வரும் மோதல் கணக்கு இது. வழுவழுப்பான தளத்தில் 2 கிலோ எடையுள்ள கோளம் ஒன்று வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் சென்று, அசையாமல் இருக்கும் 3 கிலோ கோளத்தின் மீது நேராக மோதுகிறது. மீட்சிக் குணகம் 1/2. உந்த அழியாமை விதியில் ஒரு சமன்பாடு, நியூட்டனின் மீட்சி விதியில் இன்னொன்று. தீர்த்தால் முதல் கோளம் 0.4 வேகத்திலும் இரண்டாவது 2.4 வேகத்திலும் முன்னே செல்லும். இதுவரை எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். கேள்வியின் அடுத்த பகுதியில் எதிரே ஒரு சுவர் வரும். கோளங்களுக்கிடையிலான குணகத்தின் மதிப்பு மறைக்கப்பட்டிருக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் இரண்டாவது கோளம் முதல் கோளத்தை மறுபடி மோதுமா என்று கேட்கப்படும். குணகம் 2/3-ஐத் தாண்டினால் முதல் கோளமே பின்னோக்கித் திரும்பிவிடும் என்பதை மாணவர் கண்டுகொள்ள வேண்டும். அதற்குக் கீழே இரண்டாவது மோதல் உறுதி. அதற்கு மேலே, திரும்பி வரும் கோளம் முன்னே ஓடுவதைத் துரத்திப் பிடிக்குமளவு வேகம் கொண்டதா என்று ஒரு சமனிலியை அமைக்க வேண்டும். இங்கே கடினம் சமன்பாட்டில் இல்லை. திசையைக் குறியாக மாற்றுவதிலும், நிலைமையைப் பிரித்துப் பார்ப்பதிலும் இருக்கிறது. இந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வராது. பல மாதம் கணக்குப் போட்டுத்தான் வரும்.

டெசிஷன் மேத்ஸ் இதற்கு நேர் எதிரானது. எட்டு ஊர்களை மிகக் குறைந்த நீளக் கம்பியால் இணைக்க வேண்டும் என்றால், குருஸ்கல் முறையில் மிகக் குட்டையான இணைப்பிலிருந்து தொடங்கி, வளையம் உண்டாக்குவதை மட்டும் விலக்கிக்கொண்டே போனால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே மணி நேரத்தில் சொல்லித் தந்துவிடலாம். அதனால் இது இலவச மதிப்பெண் என்ற பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் மதிப்பெண் விடைக்கு மட்டும் இல்லை. எந்த வரிசையில் எடுத்தோம், எதை ஏன் விலக்கினோம் என்று முறை தவறாமல் காட்டுவதற்கும் உண்டு. வரி வரியாகக் கணக்கிட்டுச் செல்லும் சிம்ப்ளெக்ஸ் அட்டவணையில் ஒரு பின்னத்தைப் பிழையாக எழுதினால் அதற்குப் பின்வரும் வரிகள் எல்லாம் பிழையாகும். 90 நிமிடம் பொறுமையாகவும் துப்புரவாகவும் எழுத முடிந்தவருக்கு இது எளிது. ஒரு பொறியில் விடையைப் பிடித்துவிட்டு வழிமுறையை எழுதச் சலித்துக்கொள்பவருக்கு, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இது கடினம்.

பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கிரேடைத்தான் கேட்கின்றன, எந்தத் தாள் என்று கேட்பதில்லை. பின் எளியதை எடுத்தால் என்ன தவறு என்பது வலுவான எதிர்வாதம். எல்லைகள் எல்லா வேறுபாட்டையும் சமன்செய்துவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் சேர்க்கை ஒரு நாள் முடிந்துவிடும். அதன் பின் படிப்பு மூன்று நான்கு ஆண்டுகள் ஓடும். பொறியியல் முதலாண்டில் விசைகளும் இயக்கமும் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. கேம்பிரிட்ஜ் தன் கணித மாணவர்களிடம் எதிர்பார்க்கும் ஸ்டெப் தேர்வின் ஒவ்வொரு தாளிலும் தூய கணிதத்தோடு மெக்கானிக்ஸும் நிகழ்தகவும் புள்ளியியலும் வருகின்றன. இங்கே பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. கணினியியலுக்குப் போகிறவர் மிகக் குறுகிய பாதையைக் காணும் டைக்ஸ்ட்ராவின் முறை இருக்கிறதே என்று டெசிஷன் மேத்ஸை எடுக்கிறார். அந்த முறையைப் பல்கலைக்கழகம் அடியிலிருந்தே மறுபடி கற்றுத்தரும். அவருக்கு முன்கூட்டியே தேவைப்படுவது நிரூபணத்தில் கைப்பழக்கம், அணிகள், எண் கோட்பாடு. அவை தூய கணிதத் தாள்களில்தான் அதிகம் கிடைக்கின்றன.

தேர்வு மாணவர் கையிலா இருக்கிறது, பள்ளிதானே முடிவு செய்கிறது என்பது இன்னொரு மறுப்பு. பல பள்ளிகளில் அதுவே நிலை. கிடைக்கிற ஆசிரியருக்கு ஏற்றபடி எல்லாருக்கும் ஒரே சேர்க்கைதான். அப்படியானால் இந்தப் பொறுப்பு பள்ளியைச் சேரும். சென்ற ஆண்டு எல்லைப் பட்டியலைப் பார்த்துத் தாளை மாற்றும் பள்ளி, தன் ஆசிரியர் ஆழ்ந்து கற்பிக்கக்கூடிய பகுதியைக் கைவிட்டு, அரைகுறையாகக் கற்பிக்கும் பகுதிக்குப் போக நேரும். நல்ல ஆசிரியரின் மெக்கானிக்ஸ், யாரும் சரியாகச் சொல்லித்தராத டெசிஷன் மேத்ஸைவிட எளிதாக இருக்கும். இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த பெற்றோருக்குத் தூய கணிதமும் பிரயோக கணிதமும் எல்லாருக்கும் பொது. தாளைத் தெரிந்தெடுக்கும் நிலை அவர்களுக்கு வந்ததில்லை. அவர்களுக்குக் கைவந்த மெக்கானிக்ஸ் பிள்ளைக்கும் எளிதாகத்தான் இருக்கும் என்று எண்ணுவதும், தாங்கள் பட்ட பாட்டை நினைத்து அதைத் தவிர்க்கச் சொல்வதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இரண்டிலும் அளக்கப்படுவது பெற்றோரின் அனுபவம்; பிள்ளையின் தயாரிப்பு அல்ல.

ஆகவே முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு விருப்பத் தாளிலும் ஒரு அத்தியாயத்தைப் படித்து, பழைய வினாத்தாளிலிருந்து அந்த அத்தியாயத்தின் கடைசிக் கேள்வியை, உதவியின்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கக் கேள்விகள் எந்தத் தாளிலும் எளிதாகவே இருக்கும். அவற்றால் எதுவும் தெரியாது. கடைசிக் கேள்வியில் தோற்ற பின், விடையைப் பார்த்தபோது ‘ஆஹா, இதுதானா’ என்று மறுபடி எழுதத் தோன்றினால் அந்தத் தாள் அவருக்கு உரியது. விடை புரிந்தும் மறுபடி தொட மனம் வரவில்லை என்றால், எல்லைப் பட்டியல் என்ன சொன்னாலும் அது அவருக்குக் கடினமான தாள்தான். ஈராண்டு உடனிருக்கப்போகும் கணிதத்தை அதை எழுதிப் பார்த்த கையே தேர்ந்தெடுக்கட்டும்; முன்னே எழுதியவர்களின் மதிப்பெண்கள் அதற்குத் துணைச்சான்றாக மட்டும் இருந்தால் போதும்.