பணி முடிந்த பின் கால் மணி நேரம்

பிள்ளைகளைப் பராமரிப்பது புனிதமான தொண்டு என்று பலரும் பாராட்டுகிறார்கள். அந்தத் தொண்டுக்கு அன்பு மட்டும் போதுமா? பாலர் பராமரிப்பு நிலையத்தில் பணியாற்றும் எனக்கு, இதற்கு விடை விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஒரு நாள் பகல் உறக்க நேரம். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் படுக்க மறுத்து, பக்கத்துப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருந்தான். இருமுறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் அழவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "அடங்கிவிட்டான்" என்று நிம்மதி அடைந்தேன்.

அச்சமயம் நான் பயிற்சி வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தேன். செய்த பணியைத் திரும்பிப் பார்த்துக் கற்கும் 'மீள்சிந்தனை' என்ற பழக்கத்தை அங்கு அறிந்தேன். அமெரிக்க அறிஞர் டொனால்டு ஷோன், பணியின்போதே சிந்திப்பது, பணி முடிந்தபின் சிந்திப்பது என இதனை இருவகையாக 1983இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1988இல் பிரிட்டிஷ் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் ஆறு படிகளை வகுத்தார். என்ன நடந்தது? என்ன உணர்ந்தேன்? எது சரியாக அமைந்தது, எது அமையவில்லை? ஏன்? வேறு என்ன செய்திருக்கலாம்? அடுத்த முறை என்ன செய்வேன்?

அன்று மாலை நோட்டுப் புத்தகத்தில், "பிள்ளை பிடிவாதம் பிடித்தான்" என்று எழுதினேன். மறுநாள் அதைப் படித்த பயிற்சி ஆசிரியை, "இது நடந்தது அல்ல, உங்கள் தீர்ப்பு. அவன் செய்ததை மட்டும் எழுதுங்கள்" என்றார். மாற்றி எழுதினேன்: "அவன் கண்களை மூடவில்லை."

இரண்டாம் படிதான் கடினமாக இருந்தது. சக பணியாளர் ஒருவர் விடுப்பில் இருந்ததால், அவருடைய பிள்ளைகளையும் நானே கவனித்தேன். என் கோபம் களைப்பிலிருந்து வந்தது. சிறுவன் மீது விழுந்தது.

'ஏன்' என்ற படியில் எனக்கு விடை தெரியவில்லை. அவனுடைய பாட்டியிடம் கேட்டேன். "டீச்சர், அவன் தூங்கிக்கிட்டு இருந்தப்பத்தான் அவன் அம்மாவைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். அதிலிருந்து தூங்கவே பயப்படுறான்" என்றார்.

அடுத்த நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பாயருகே அமர்ந்து, "பாட்டி நாலு மணிக்கு வருவாங்க. அதுவரைக்கும் டீச்சர் இங்கேயே இருப்பேன்" என்றேன். அன்றும் அவன் உறங்கவில்லை. சில நாள்கள் கழித்து, என் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி உறங்கினான்.

மீள்சிந்தனை என்பது தன்னைத்தானே நொந்துகொள்வது அன்று. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் அது முடிய வேண்டும். குறிப்பில் பிள்ளையின் பெயரை எழுதலாகாது. குடும்பச் செய்தியை வெளியில் பேசலாகாது. தனியே எழுதுவதோடு நில்லாமல், மேற்பார்வையாளருடன் பேசினால் நம் கண்ணில் படாதது தெரியவரும். முதியோர் இல்லப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும்: உணவை மறுக்கும் தாத்தாவுக்கும் ஒரு 'ஏன்' இருக்கும்.

இதற்கு நேரம் வேண்டும். ஆள் பற்றாக்குறையுள்ள நிலையத்தில் அந்தக் கால் மணி நேரமே முதலில் பறிபோகிறது. கட்டடத்திற்கும் உணவுக்கும் மனமுவந்து வழங்கும் அன்பர்களே, நீங்கள் ஆதரிக்கும் இல்லத்திற்குச் செல்லும்போது, "பணியாளர்கள் அமர்ந்து பேச நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?" என்றும் அன்புடன் கேளுங்கள். அவர்களின் பயிற்சிக்குத் தரும் நன்கொடையும் பிள்ளைகளையே சென்றடைகிறது.