பெயரில் உறையும் நினைவு



குழந்தை பிறந்த ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, தலைமுடி களைந்து, பெயர் சூட்டுவது நபிவழி. அன்றைய தினம் இமாமை நாடி வருகின்ற பெற்றோரில் பலர், "ஹஜ்ரத், புதுப் பெயராக இருக்க வேண்டும், இந்த முஹல்லாவில் எவருக்கும் இருக்கக் கூடாது" என்று கேட்கின்றனர். அதன் பொருள் என்ன என்று வினவுவோர் சிலரே. அது யாருடைய நினைவைச் சுமக்கிறது என்று வினவுவோர் அவர்களினும் சிலர்.

பனூ இஸ்ராயீல்களின் பழைய வரலாறுகளில் பெயர் என்பது ஒரு நிகழ்ச்சியின் பதிவாகவே இருந்தது. அவர்களது வேதங்களில் இன்று காணப்படுபவற்றை மெய்யென்றும் பொய்யென்றும் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. எனினும் அப்பெயர்களின் பொருளை அறியுங்கால், நமது திருமறை வசனங்கள் சில புதிய ஒளியுடன் விளங்குகின்றன.

இஸ்மாயீல் (அலை) அவர்களின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேய மொழியில் அதற்கு 'இறைவன் செவியேற்கிறான்' என்பது பொருள். அன்னை ஹாஜரின் துயரத்தை இறைவன் கேட்டதால் அப்பெயர் இடப்பட்டதாக ஆதியாகமம் கூறும். இனி, சூரா இப்ராஹீமின் 39ஆம் வசனத்தைப் பாருங்கள். முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்தருளிய இறைவனைப் புகழும் இப்ராஹீம் (அலை) அவர்கள், அவன் பிரார்த்தனையைச் செவியேற்பவன் என்று கூறி முடிக்கிறார்கள். மகனின் பெயர் எதுவோ அதுவே தந்தையின் புகழுரையாக அமைந்துள்ளது! அரபியில் கேட்டலைக் குறிக்கும் வேர்ச்சொல்லும் எபிரேயத்தில் உள்ளதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இஸ்ஹாக் என்பதற்குச் 'சிரிக்கிறார்' என்று பொருள். சூரா ஹூதின் 71ஆம் வசனத்தில் நற்செய்தி சொல்லப்படும் இடத்தில், அருகே நின்ற துணைவியார் சிரித்ததாகவே வருகிறது. அதே வசனம் இஸ்ஹாக்குக்குப் பின் யஃகூப் என்கிறது. யஃகூப் என்னும் பெயரிலோ குதிகாலையும் பின்தொடர்தலையும் குறிக்கும் சொல் அடங்கியிருக்கிறது. யஹ்யா (அலை) அவர்களை எபிரேயர் யோஹனான் என்றனர். 'இறைவன் கருணை காட்டினான்' என்பது அதன் பொருள். சூரா மர்யமின் 13ஆம் வசனம் அவருக்கு நம்மிடமிருந்து 'ஹனான்', அதாவது பரிவு, அளித்தோம் என்னும் கருத்தில் பேசுகிறது. பெயர் மாறி ஒலித்தாலும் பொருள் அங்கேயே நிற்கிறது.

வளைகுடாவில் உழைக்கும் ஆண்மக்களைக் கொண்ட நம் மாவட்டக் குடும்பங்களின் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஆண்டுக்கணக்கில் அந்நியராக வாழ்ந்ததைச் சூரா கஸஸ் விவரிக்கிறது. அங்கே பிறந்த மகனுக்கு அவர்கள் கெர்சோம் எனப் பெயரிட்டதாக யாத்திராகமம் சொல்கிறது. அயல்நாட்டில் அந்நியனாய் இருந்தேன் என்னும் ஏக்கம் அப்பெயரில் உறைந்துள்ளது. அடுத்த மகன் எலியேசர். ஃபிர்அவ்னின் வாளிலிருந்து காத்த 'இறைவனே என் உதவி' என்பது அதன் பொருள். ஒரு தந்தை தம் வாழ்வின் துன்பத்தையும் விடுதலையையும் இரு பிள்ளைகளின் பெயரில் எழுதி வைத்துவிட்டார்!

இந்த எலியேசரோடு ஒரே பொருளுடைய எலெயாசார் என்னும் பெயரே கிரேக்கத்தின் வழியாக லாசரு ஆயிற்று. அது நம் மண்ணிலேயே தமிழாக மாறிய வரலாறு உண்டு. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, மார்த்தாண்ட வர்மா காலத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றியவர். 1745இல் வடக்கன்குளத்தில் கிறித்தவராகி லாசரு என்னும் பெயரைப் பெற்றார். அந்தப் பெயரின் ஒலியைவிடப் பொருளே நிலைத்தது. 'தேவசகாயம்' என்றே மக்கள் அழைத்தனர். 1752இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். கோட்டாற்றில் அடக்கம் செய்யப்பட்டார். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோதும் அப்பெயரே முழங்கியது. நம் பிள்ளைகளுக்கு நாம் இடும் நஸ்ருல்லாஹ் என்பதற்கும் அல்லாஹ்வின் உதவி என்றுதானே பொருள்!

குளச்சல், தக்கலை, தேங்காய்ப்பட்டணம் என எங்கு நோக்கினும் அண்டை வீட்டார் ஈசாக்கு என்பதை நாம் இஸ்ஹாக் என்கிறோம். அவர்களது தாவீது நமக்குத் தாவூது. கடற்கரையில் 'சூசை' என அழைக்கப்படுபவர் பெயரளவில் யூசுபே. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வேறொரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. அப்துர் ரஹ்மான் என்று அழகிய பெயரிட்டுவிட்டு, தெருவில் 'ரஹ்மான்' என்று கூவுகிறோம். அடியான் என்னும் பாதி வெட்டுண்டு போக, படைத்தவனுக்கே உரிய திருநாமம் பையன் ஒருவன் மீது ஏறிவிடுகிறது. பள்ளிச் சான்றிதழில் ஏறிய பிழை கடவுச்சீட்டுவரை தொடர்வது தனிக் கதை.

நஜ்ரானுக்குச் சென்ற முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்களிடம் அங்கிருந்த கிறித்தவர்கள், மூஸாவுக்கும் ஈஸாவுக்கும் இடையே நெடுங்காலம் இருக்க, மர்யமை 'ஹாரூனின் சகோதரி' என்று உங்கள் வேதம் சொல்வது எப்படி எனக் கேட்டனர். திரும்பி வந்து அவர் வினவியபோது நபி (ஸல்) அவர்கள், அம்மக்கள் தமக்கு முன் சென்ற நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களைச் சூட்டிக்கொள்பவர்களாக இருந்தனர் என விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி இது. தமக்கு மகன் பிறந்தபோது, தம் தந்தை இப்ராஹீமின் பெயரையே அவருக்கு இட்டதாக அண்ணலார் அறிவித்ததும் அதே நூலில் உள்ளது.

மதீனாவின் யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தை ஏற்ற அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்களுக்கு முன்பு ஹுஸைன் என்று பெயர். அதை மாற்றியவர்கள் நபி (ஸல்) அவர்களே. பின்னர் அவருக்கு ஒரு மகன் பிறந்தார். அக்குழந்தையைத் தம் மடியில் அமர்த்தி, தலையை வருடி, அதன் முன்னோருள் ஒருவரான யூசுபின் பெயரையே நபி (ஸல்) அவர்கள் சூட்டினார்கள். அம்மகன் வளர்ந்து, இச்செய்தியைத் தாமே அறிவித்திருக்கிறார்.