பழைய தோட்டச் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும்

புதுச்சேரியின் பழைய வீடுகளைச் சூழ்ந்து நிற்கும் உயரமான தோட்டச் சுவர்கள், செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டி, அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசி முடிக்கப்பட்டவை. பிரெஞ்சுக்காரர் குடியிருந்த கடலோர வீதிகளிலும், கால்வாய்க்கு மேற்கே தமிழர் வாழ்ந்த வீதிகளிலும் இத்தகைய சுவர்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் பூச்சு வெடிப்பதும், அடிப்பகுதியில் உப்புப் பூப்பதும் கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வெடிப்புகளைச் சிமெண்ட் கலவையால் அடைக்கும் வழக்கம் பரவிய பிறகு, முன்பெல்லாம் பூச்சோடு நின்றுவிட்ட சேதம் இப்போது செங்கல்லின் உள்ளே வரை செல்கிறது என்பதுதான் கவலைக்குரியது. பழுது பார்த்ததாக எண்ணிச் செய்யப்படும் வேலையே சுவரின் ஆயுளைக் குறைக்கிறது.

இதன் காரணத்தை அறிய இரு பொருள்களின் இயல்பையும் அறிய வேண்டும். போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1904இல் சென்னையில் நடந்த முயற்சி நிலைக்காமல் போக, 1914இல் போர்பந்தரில்தான் உற்பத்தி வேரூன்றியது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவர் ஒன்று சிமெண்ட்டை அறியாமலேயே கட்டப்பட்டது என்று கொள்ளலாம். சிமெண்ட் பூச்சு கடினமானது, வளைந்துகொடுக்காதது, ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. சுண்ணாம்புப் பூச்சோ மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது, சுவர் சற்றே அசைந்தால் தானும் அசைந்துகொடுப்பது. அதில் மயிரிழை அளவில் விழும் கீறல்களில் மழைநீர் இறங்கும்போது, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து அவற்றை ஓரளவு தானே மூடிவிடுவதும் உண்டு.

பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்புப் படலம், அதாவது நிலத்து நீர் மேலேறாமல் கடைக்காலின்மேல் இடப்படும் தடை, பெரும்பாலும் கிடையாது. செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து ஈரம் ஏறுகிறது. அதோடு மண்ணில் கரைந்துள்ள உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால், அந்த ஈரம் பூச்சின் வழியே வெளிவந்து ஆவியாகி, உப்பு மேற்பரப்பில் வெள்ளைப் பொடியாகப் படியும். துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும். சிமெண்ட் பூசிய சுவரில் வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் உயரமாக ஏறி, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையே உலர்கிறது. அங்கே படிகமாகும் உப்பு துளைகளுக்குள் வளர்ந்து, செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளுகிறது. சில ஆண்டுகளில் சிமெண்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும்போது, அதன் பின்புறம் செங்கல்லின் செந்தூள் ஒரு விரற்கடை கனத்துக்கு ஒட்டியிருப்பதைக் காணலாம். சுவரைவிட வலிமையான பூச்சு சுவரைப் பலிகொடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதால், பழைய சுவரின் பூச்சு எப்போதும் சுவரைவிட மென்மையாகவே இருக்க வேண்டும். தேய்ந்து உதிர்வதும், உதிர்ந்தபின் மீண்டும் பூசப்படுவதுமே அதன் பணி.

வெடிப்பை அடைக்கும் முன் அது ஏன் வந்தது என்று பார்ப்பது வேலையின் பாதி எனலாம். வலைபோல எல்லாத் திசையிலும் ஓடும் மெல்லிய கீறல்கள், பூச்சு விரைந்து உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டுபோல ஏறும் வெடிப்பு, கடைக்கால் ஒருபுறம் தாழ்ந்ததைக் காட்டுகிறது. அகலம் மேலே கூடியும் கீழே குறைந்தும் தோன்றும் நெட்டு வெடிப்புக்கு அருகில் அரசோ ஆலோ வேம்போ நின்றால், வேரைத்தான் முதலில் ஐயுற வேண்டும். வெடிப்பு இன்னும் வளர்கிறதா என்பதை அறிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்க விடுவது எளிய வழி. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். அந்நிலையில் எந்தப் பூச்சும் நிலைக்காது. சுவர் சாயவும் தொடங்கியிருந்தால் கட்டடப் பொறியாளரை அழைத்துவிடுவதே முறை.

கண்ணாடி உடையாமல் நின்றால் அடுத்த வேலை, பூச்சைத் தட்டிப் பார்ப்பது. கொத்தனார் கரணையின் கைப்பிடியால் வெடிப்பின் இருபுறமும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். பூச்சு சுவரைப் பற்றியிருக்கும் இடத்தில் கெட்டியான ஓசையும், விட்டுப்போன இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டினாற்போன்ற ஓசையும் எழும். ஓசை மாறும் எல்லையைக் கரித்துண்டால் வட்டமிட்டு, அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் கொத்தி எடுத்தால் போதும். நல்ல நிலையில் இருக்கும் பழம்பூச்சை ஒரேயடியாக உரித்துவிட்டுப் புதிதாகப் பூசுவது தேவையற்ற செலவு என்பதோடு, பிழையும் ஆகும். நூறாண்டு காற்றில் இறுகிய காரைக்கு நிகரானதை ஓரிரு மாதத்தில் உண்டாக்க முடியாது.

அதற்கடுத்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தூய கல் 100 கிலோவில் 44 கிலோ வாயுவாகப் போய்விட, 56 கிலோவே மிஞ்சும். இதில் நீர் வார்த்தால் கொதித்துப் பொரிந்து நீற்றிய சுண்ணாம்பாக மாறும். அப்போது தெறிக்கும் துளி கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இன்றி நீற்றக் கூடாது. நீற்றிய சுண்ணாம்பை நீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால், நீறாமல் தங்கிய சிறு கட்டிகளும் நீறி, வெண்ணெய்ப் பதம் வந்துவிடும். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில், கட்டிகள் சுவரில் ஏறியபின் நீறிப் பூச்சில் சிறு சிறு குழிகளாக வெடிக்கின்றன.

இந்தச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, உப்பில்லாத, சலித்த ஆற்றுமணல் இரண்டு முதல் மூன்று பங்கு சேர்த்துக் குழைப்பது பொதுவான அளவு. ஈரம் மிகுந்த அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக நன்கு வெந்த செங்கல்லின் தூளைச் சேர்த்தால், அது சுண்ணாம்போடு வினைபுரிந்து, காற்றுப் படாத ஆழத்திலும் இறுகும் தன்மையைத் தருகிறது. கடுக்காயை நொறுக்கிப் பனைவெல்லத்தோடு சில நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டு வடித்த நீரைக் கலவையில் சேர்ப்பது தமிழகக் கொத்தர்களின் நெடுங்கால வழக்கம். கலவை இளகிக் கொடுப்பதால் குறைந்த நீரிலேயே குழைக்க முடிகிறது, நீர் குறையக் குறைய உலரும்போது ஏற்படும் சுருக்கமும் குறைகிறது.

கொத்திய இடத்தில் இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தூரிகையால் நீக்கி, முதல்நாள் மாலையும் வேலைநாள் காலையும் நீர் தெளிக்க வேண்டும். சுவர் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் நீர் வழியக் கூடாது. உலர்ந்த செங்கல் கலவையின் நீரைக் குடித்துவிடும் என்பதால் இதில் சிறிதும் அசட்டை கூடாது. முதல் பூச்சைக் கரணையால் வீசி அழுத்தி, பத்து மில்லிமீட்டருக்கு மிகாமல் நிறுத்தி, அடுத்த பூச்சு பற்றுவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுவார்கள். விரல் நகம் பட்டால் தடம் விழும், விரல் அழுந்தினால் பள்ளம் விழாது என்ற பதத்தில் அடுத்த பூச்சு. அது முந்தையதைவிட மெல்லியதாகவும் சற்றே மென்மையானதாகவும் இருக்க வேண்டும். பழம்பூச்சோடு சேரும் விளிம்பை மணியாசுக் கட்டையால், அதாவது பூச்சைத் தேய்த்துச் சமன்செய்யும் பலகையால், அழுத்தித் தேய்க்காவிட்டால் அதே கோட்டில் மீண்டும் வெடிக்கும். பின்னர் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரத்துக்காவது வெயிலும் காற்றும் நேரே படாமல் காக்க வேண்டும்.

பூச்சு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், சுவரின் தலைப்பகுதி கெட்டிருந்தால் பயனில்லை. மதில் உச்சியின் சரிவும், அதன் விளிம்பு சுவருக்கு வெளியே இரண்டு அங்குலமாவது நீட்டி நீரைத் தள்ளிச் சொட்டவிடுவதும் மழைநீரை உள்ளே இறங்கவிடாமல் காக்கின்றன. புதுச்சேரியின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால், உச்சியில் ஒரு செங்கல் பெயர்ந்திருப்பதுகூடச் சிறு குறையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட, மேரி (Mairie) எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பரில் பெருமழையின்போது இடிந்து விழுந்ததை இந்நகரம் மறக்கவில்லை. வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகள் மீட்கப்பட்டு, அவ்வீதி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதுகளில் இடம்பெற்றதும் இதே நகரில்தான். இந்த அக்கறை முகப்போடு நில்லாமல் பின்புறத் தோட்டச் சுவருக்கும் சென்றால் நன்று.

முடிவாக நிறம். பட்டி பார்த்து எமல்ஷன் வண்ணம் அடித்தால், சிமெண்ட் பூசாமலேயே சுவரின் மூச்சை அடைத்ததாகிவிடும். சுண்ணாம்பைப் பால்போல் நீர்க்கக் கரைத்து, மஞ்சள் வேண்டுமெனில் மஞ்சள் காவி சேர்த்து, மூன்று நான்கு முறை மெல்ல அடிப்பதே பொருத்தமானது. ஒவ்வொரு முறையும் அது நுண்கீறல்களையும் நிரப்புகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் இவ்வகையில் ஆண்டுப் பராமரிப்பாகவும் இருந்தது. மழை ஓய்ந்து வெயில் கடுமையாகாத தை, மாசி மாதங்களே பூச்சு வேலைக்கும் உகந்தவை. சூளையில் இழந்த வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப ஈர்த்தே சுண்ணாம்பு கல்லாகிறது. அந்த மாற்றம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம் செல்லும் என்பது தொழில் அறிந்தோர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அதன்படி சனவரியில் பூசிய காரை, அக்டோபரில் அடுத்த மழை தொடங்கும்போது ஒன்பது மில்லிமீட்டர் வரை இறுகியிருக்கும். ஆகஸ்ட்டில் அவசரமாகப் பூசியதோ இரண்டு மில்லிமீட்டர்த் தோலோடுதான் மழைக்கு முன் நிற்கும்.